கங்காணி முதல் கட்சி வரை: கேரள எல்லைத் தமிழர் குறித்த மூன்று பனுவல்களில் அதிகாரமும் உரிமையும்

முன்னுரை

மன்னராட்சி நீங்கி மக்களாட்சி மலரும்போது அதிகாரம் மக்கள் கைக்கு வந்து சேர்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. அது எவ்வழியாக, யார் கைமாறி வருகிறது என்பது தனியே ஆராயத்தக்க வினாவாகும். கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் உழைக்கும் மக்களின் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது. ஆள்வோரின் மொழி வேறாகவும், நிலம் பிறருடையதாகவும், வேலை தருபவரே வீடும் தருபவராகவும் அமைந்த சூழலில் உரிமை இவர்களை நேராக வந்தடைந்ததில்லை. இடையில் எப்போதும் ஒருவர் நின்றிருக்கிறார். காலத்துக்கேற்ப அவரது பெயர் மேஸ்திரி, கங்காணி, சங்கத் தலைவர், கட்சிப் பொறுப்பாளர், ஊராட்சி எனப் பலவாக மாறியுள்ளது.

இம்மக்களின் வாழ்வைப் பேசும் மூன்று பனுவல்கள் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட நாவல் முதலாவது. இது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. லெனின் பாரதி இயக்கத்தில் 2018இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்னும் திரைப்படம் இரண்டாவது. பிளாச்சிமடைப் போராளி மயிலம்மாவின் வாய்மொழியைக் கேட்டு ஜோதிபாய் பரியாடத் மலையாளத்தில் பதிவு செய்த தன்வரலாறு மூன்றாவது. ஊழல் என்பதைக் கையூட்டு என்னும் குறுகிய பொருளில் கொள்ளாமல், பிறர் சார்பாகப் பேசும் உரிமையைத் தன் உடைமையாக்கிக்கொள்ளுதல் என்னும் விரிந்த பொருளில் கொண்டால், இம்மூன்று பனுவல்களும் ஒரே சிக்கலின் மூன்று கட்டங்களைக் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

ஆட்சி மாற்றமும் எல்லையும்

இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு பகுதிகள் திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சார்ந்தவை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள சித்தூர் வட்டம் கொச்சி சமத்தானத்தைச் சார்ந்தது. 1949 சூலை 1இல் இவ்விரு அரசுகளும் இணைந்து திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் உருவாயிற்று. எனவே இவ்விரு எல்லைப் பகுதிகளும் மன்னராட்சியிலிருந்து மக்களாட்சிக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் மாறியவை எனலாம்.

மாற்றத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே அதன் சிக்கலும் வெளிப்பட்டது. தமிழ் பேசும் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. தடையாணையை மீறித் தேவிகுளம் பகுதிக்குச் சென்ற மார்சல் நேசமணி 1954 சூலையில் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகத்து 11இல் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அப்போது ஆட்சியிலிருந்தது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிசக் கட்சியின் அரசு. மன்னரிடமிருந்து பெற்ற ஆட்சி தன் குடிகள்மேல் துப்பாக்கியைத் திருப்பியது அக்கட்சிக்குள்ளேயே பெரும் பூசலை எழுப்பியது. ராம் மனோகர் லோகியா அவ்வரசு பதவி விலக வேண்டும் என்றார்.

1955இல் அறிக்கை அளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் தென்கோடி வட்டங்களைச் சென்னைக்கு அளித்து, தேவிகுளத்தையும் பீருமேட்டையும் கேரளத்தில் வைத்தது. மலைப்பகுதித் தமிழரில் பெரும்பகுதியினர் வேலைக்காக வந்து செல்லும் நிலையற்ற மக்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒருவரைக் கூலி என்று கருதுவதா, குடி என்று கருதுவதா என்பதே அதில் அடங்கியிருந்த வினா. ஆணையம் அவர்களைக் கூலிகளாகவே கண்டது. தேயிலை நட்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களும் அதன்பின் தாம் அந்நிலத்துக்குரியவர் என்பதை மெய்ப்பிக்கவேண்டிய நிலையில் வைக்கப்பட்டனர்.

இந்நிலை பழங்கதையன்று. 2021இல் தேவிகுளம் தனித்தொகுதியிலிருந்து கேரளச் சட்டமன்றத்துக்குத் தேர்வான அ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். மொழிபெயர்ப்பில் உறுதிகூறும் சொற்கள் விடுபட்டிருந்தமையால் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. அவரது தேர்தலை எதிர்த்த வழக்கில் சமயத்துடன், குடும்பம் கேரளத்துக்கு எப்போது குடிபெயர்ந்தது என்பதும் வாதப்பொருளாயிற்று. 2023இல் கேரள உயர்நீதிமன்றம் அத்தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்நிலை எனில், சாதிச் சான்றிதழுக்காக அலுவலகங்களில் காத்திருக்கும் தோட்டத் தொழிலாளியின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. சான்றுக்கு வழியறிந்தவர் ஒருவர் வேண்டும் என்னும்போதே இடைநிலையாளருக்கு இடம் உண்டாகிவிடுகிறது.

எரியும் பனிக்காடு: மேஸ்திரியின் கணக்கு

மூணாற்றுக்கும் பாலக்காட்டுக்கும் இடையே பரந்துகிடக்கும் ஆனைமலைத் தோட்டங்களே ‘எரியும் பனிக்காடு’ நாவலின் களம். ஆட்சியெல்லையில் அது அன்றைய சென்னை மாகாணத்தைச் சார்ந்தது எனினும், ஆள் திரட்டும் முறையிலும் வாழ்நிலையிலும் இம்மலைத்தொடர் முழுவதும் ஒன்றே. டேனியல் இத்தோட்டங்களில் மருத்துவராகவும் பின்னர்த் தொழிற்சங்க அமைப்பாளராகவும் பணியாற்றியவர். ஆகவே நாவலில் நோயும் கணக்கும் துல்லியமாகப் பதிவாகியுள்ளன.

நெல்லைச் சீமையின் மயிலோடை என்னும் சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் முன்பணம் பெற்றுக்கொண்டு மலையேறுகின்றனர். அவர்களை அழைத்துச்செல்லும் மேஸ்திரி அவர்தம் மொழியையே பேசுபவன், ஊர்நிலை அறிந்தவன். அவன் அதிகாரத்தின் ஊற்று இந்த நெருக்கமே. துரையின் மொழி தொழிலாளிக்குத் தெரியாது. தொழிலாளியின் மொழி துரைக்குத் தேவையில்லை. இருவருக்கும் நடுவே நிற்பவன் இருபுறமும் பயன்பெறுகிறான். ஆண்டிறுதிக் கணக்கில் கடன் தீர்வதில்லை. கணக்கேடு அவன் கையில் இருப்பதே அதற்குக் காரணம்.

நாவல் காட்டும் கொடுமைகளைத் தனிமனிதக் கயமையாகக் கருதிவிட இயலாது. 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தத்தை மீறிச் செல்லும் தொழிலாளியைத் தண்டிக்க வழிசெய்திருந்தது. மேஸ்திரியின் கடன் பதிவேட்டுக்குப் பின்னால் அரசின் சட்டம் நின்றது. டேனியலின் படைப்பு வலிமை, துரையைவிட மேஸ்திரியை வாசகனின் கண்முன் நெருக்கமாக நிறுத்தியதில் உள்ளது. அதே வேளையில், விடிவு படித்தவர் ஒருவர் வழியாகவே வரும் என்னும் எதிர்பார்ப்பும் நாவலில் இழையோடுகிறது. தொழிலாளர் துயரைக் காண்பவரும் அதைப் பெயரிட்டுச் சொல்பவரும் வெளியிலிருந்து வந்தவர்களாகவே உள்ளனர். மேஸ்திரியின் இடத்தில் நல்லவர் ஒருவர் அமர்ந்தால் போதுமா, அவ்விடமே இல்லாமற்போக வேண்டுமா என்னும் வினாவை நாவல் எழுப்பவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை: சங்கத்தின் விலை

விடுதலைக்குப்பின் 1951இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் முதலியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. கங்காணி முறை படிப்படியாக ஒழிந்தது. இவ்வெற்றிகளில் தொழிற்சங்கங்களின் பங்கு மறுக்கமுடியாதது. தமிழ்த் தொழிலாளரின் வாக்கு ஆட்சியையே தாங்கிய தருணமும் உண்டு. 1957இல் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டு, 1958 மே மாதத்தில் இடைத்தேர்தல் நடந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறிச் சென்று பொதுவுடைமைக் கட்சிக்காகத் தமிழில் பாடிப் பரப்புரை செய்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், அதே அரசின் காலத்தில், மூணாற்று வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். வாக்கும் குண்டும் ஓராண்டிற்குள் ஒரே மக்களைச் சந்தித்த இந்நிகழ்வு, பிரதிநிதித்துவத்தின் இரட்டைத் தன்மைக்குச் சான்றாகும்.

பாவலர் வரதராசனின் தம்பி இளையராசா இசையமைத்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ அதே அடிவாரத்தையும் அதே மலைப்பாதையையும் களமாகக் கொண்டது. தேனி மாவட்ட அடிவாரத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் சுமைத்தொழிலாளி ரங்கசாமி. சிறுதுண்டு நிலமேனும் வாங்கவேண்டும் என்பது அவனது ஒரே விருப்பம். ஒருமுறை விற்பவர் குடும்பத்துப் பூசலால் நிலம் கைநழுவுகிறது. மற்றொருமுறை சேர்த்த பணத்தில் வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறுகிறது. பின்னர்ப் பிறர் உதவியால் நிலம் கிட்டுகிறது. சங்கத் தோழர் சாக்கோ தொழிலாளருக்காக நிற்கிறார். சங்கத் தலைமை முதலாளியோடு கைகோத்தது தெரியவரும்போது கொலை நிகழ்கிறது. ரங்கசாமி சிறை செல்கிறான். திரும்பி வந்தபின் விதை, உரக் கடனில் நிலம் பறிபோகிறது. இறுதியில் தன் நிலமாயிருந்த இடத்தில் எழுந்த காற்றாலைக்கு அவனே காவலாளி ஆகிறான்.

இப்படம் ஊழலைக் காட்டும் முறை நுட்பமானது. பணம் கைமாறுவதைக் காட்டிலும் சொல் கைமாறுவதையே அது முதன்மைப்படுத்துகிறது. தொழிலாளர் தம் சார்பாகப் பேசும்படி தலைவரிடம் ஒப்படைத்த சொல்லை அவர் வேறிடத்தில் விற்றுவிடுகிறார். மேஸ்திரி கடனைப் பதிவேட்டில் எழுதினான்; இங்குத் தலைவர் பேச்சுவார்த்தை மேசையில் எழுதுகிறார். இரண்டிலும் கணக்கைப் படிக்கும் வாய்ப்பு தொழிலாளிக்கு இல்லை.

எனினும் படத்தின் இரு குறைகளைச் சுட்டவேண்டியுள்ளது. முதலாவது, துரோகத்துக்கு விடையாகக் கொலையை அன்றி வேறொன்றைக் கதையால் காணமுடியவில்லை. கொலைக்குப்பின் சங்கம் என்னவாயிற்று, மற்றத் தொழிலாளர் கூடினார்களா என்பன கதையின் அக்கறைக்குள் வரவில்லை. கூட்டுப் போராட்டமாகத் தொடங்கியது ஒருவனது தனித்துயராகச் சுருங்குகிறது. இரண்டாவது, ஈசுவரி உள்ளிட்ட பெண்கள் உழைப்பவர்களாகவும் தாங்குபவர்களாகவும் வருகின்றனரேயன்றி அரசியல் பேசுபவர்களாக வரவில்லை. படம் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இம்மலையில் நடந்துவிட்ட ஒரு நிகழ்வோடு ஒப்பிடும்போது இக்குறை பெரிதாகிறது.

2015: படைப்பை முந்திய நிகழ்வு

2005இல் டாட்டா தேயிலை நிறுவனம் மூணாற்றுத் தோட்டங்களின் நிருவாகத்தைக் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்திடம் ஒப்படைத்தது. தொழிலாளர்களும் அதில் பங்குதாரர்களாயினர். ஏட்டளவில் உழைப்பவரே உடைமையாளர் ஆனார். பத்தாண்டுகளுக்குப்பின், 2015 செப்டம்பரில், போனசு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து அந்நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். அன்று நாட்கூலி 232 ரூபாய். 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் கூலியும் அவர்தம் கோரிக்கைகள்.

அப்போராட்டத்தின் தனித்தன்மை கோரிக்கையில் இல்லை. பேசும் முறையில் இருந்தது. கட்சி வேறுபாடின்றி எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் விலகி நிற்கச் சொன்னார்கள். தாம் தகரம் வேய்ந்த லயங்களில் வாழத் தலைவர்கள் நிறுவனத்தின் நல்ல வீடுகளில் வாழ்வதை வெளிப்படையாகக் கேட்டார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அவ்வமைப்பு இடைநிலையாளர் இன்றி நேராகப் பேச்சுவார்த்தைக்குச் சென்றது. ஒன்பது நாளில் சிறப்புத்தொகையும் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. கூலிக்கான பேச்சில் சங்கங்கள் மீண்டும் இடம்பெற்றன. 301 ரூபாயில் முடிவு எட்டப்பட்டது. போராட்டத்தில் முன்னின்ற கோமதி அவ்வாண்டு உள்ளாட்சித் தேர்தலில் தேவிகுளம் வட்டார ஊராட்சிக்குத் தேர்வானார். நாளடைவில் அமைப்புக்குள் பிளவும் நேர்ந்தது. நேரடிப் பேச்சு ஒருமுறை வெல்வது எளிது. அதை நிலைநிறுத்துவது அரிது என்பதே இதன் படிப்பினை.

நிலைநிறுத்த இயலாமையின் காரணம் வாழ்நிலையில் உள்ளது. வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஓய்வுபெறும் நாளில் லயத்தைவிட்டு வெளியேற வேண்டும். பீருமேட்டுத் தோட்டங்களை ஆராய்ந்து 2022இல் நூலாக வெளியிட்ட மானிடவியலறிஞர் ஜெயசீலன் ராஜ், தேயிலை நெருக்கடிக்குப்பின் பணிக்கொடை கிடைக்காமல் காத்திருக்கும் முதியோரையும், நகரங்களுக்கு வேலைதேடிச் சென்று தம் தோட்டப் பின்னணியை மறைக்க நேரும் இளையோரையும் விரிவாகப் பதிவு செய்துள்ளார். 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது லயங்களோடு எழுபது உயிர்கள் மண்ணுள் புதைந்தன. சொந்த நிலம் என்னும் ரங்கசாமியின் கனவை இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால், அது பேராசையோ தனிமனித ஏக்கமோ அன்று, குடியுரிமையின் அடிப்படை என்பது விளங்கும். மூணாற்றுப் பெண்களின் அரசியலை மையமாகக் கொண்ட செறிவான தமிழ்ப் படைப்புக்கான தேவை இன்றும் உள்ளது.

மயிலம்மா: குரலும் பதிவும்

பாலக்காட்டு எல்லையில் இச்சிக்கல் நீர்வழியாக எழுந்தது. சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000இல் கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் சுற்றிலுமுள்ள கிணற்றுநீர் கெட்டது. 2002 ஏப்ரல் 22இல் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக விளங்கியவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. அறிவியலாளர் நீரை ஆய்வதற்கு முன்பே, சோறு வடிக்கையில் கெடுவதையும் குளித்தால் தோல் அரிப்பதையும் கொண்டு பெண்கள் அந்நீரைத் தீர்ப்பிட்டுவிட்டனர். ஆலைக்கழிவு உரமென்று உழவர்க்கு வழங்கப்பட்டதையும் அதில் காட்மியம், காரீயம் கலந்திருந்ததையும் 2003இல் பிபிசி வானொலி வெளிக்கொணர்ந்தது.

இங்கும் இடைநிலையாளர்கள் இருந்தனர். வேலைவாய்ப்பு வரும் என்று ஆலையை வரவேற்ற கட்சிகள் போராட்டத்தின் தொடக்கத்தில் விலகி நின்றன. ஆலைக்கு உரிமம் அளித்ததும் இதே ஊராட்சிதான். ஆனால் வாயிலில் அமர்ந்தவர்கள் அவ்வூராட்சியின் வாக்காளர்கள். ஓராண்டு கழிந்து 2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை இயக்கம் நின்றது. நிலத்தடிநீர் பொதுச்சொத்து என்று 2003 டிசம்பரில் கூறிய உயர்நீதிமன்றத்தின் தனிநீதிபதி தீர்ப்பை 2005இல் ஈராயம் மாற்றியது. எனினும் ஆலை மீண்டும் இயங்கவில்லை. 2010இல் உயர்மட்டக் குழு இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான சட்டமுன்வடிவு 2011இல் கேரளச் சட்டமன்றத்தில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை. ஊராட்சி அளவில் திருத்தப்பட்ட பிழை மேலே செல்லச்செல்லத் திருத்தமுடியாததாகிவிட்டது. மயிலம்மா 2007இல் மறைந்தார்.

மயிலம்மாவின் தன்வரலாற்றைத் திறனாய்வு நோக்கில் அணுகும்போது பதிவு முறை கவனத்துக்குரியதாகிறது. தமிழோடு நெருங்கிய பேச்சுவழக்கினர் ஒருவரின் வாய்மொழி மலையாள எழுத்தாகி, அங்கிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சென்றுள்ளது. சொல்பவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர். மேஸ்திரியும் சங்கத் தலைவரும் நின்ற அதே இடைவெளியில் இங்குப் பதிவாளர் நிற்கிறார். ஆயினும் வேறுபாடு உண்டு. இந்நூலில் பதிவாளர் தன் பெயரை மறைக்கவில்லை. சொல்பவரின் பெயரே நூலின் பெயராக நிற்கிறது. கேட்டு எழுதியது என்பதை வாசகர் அறிந்தே வாசிக்கின்றனர். அதே நேரத்தில் மயிலம்மாவின் பேச்சுவழக்கு எந்த அளவு பொதுமொழியாகச் சீர்செய்யப்பட்டது என்னும் வினா தமிழ் வாசகனுக்கு எழவே செய்யும். எரவாளர் பேச்சைத் தமிழ்த் துறைகள் களப்பணி வழியே பதிவு செய்தல் இவ்வினாவிற்கு விடைகாணும் வழியாகும்.

முடிவுரை

மூன்று பனுவல்களும் ஒப்புநோக்கப்படும்போது சில முடிவுகள் பெறப்படுகின்றன. மன்னராட்சியும் காலனியாட்சியும் நீங்கியபின்னும் கேரள எல்லைத் தமிழர் வாழ்வில் இடைநிலையாளர் என்னும் இடம் நீங்கவில்லை. அதில் அமர்பவரே மாறினர். டேனியலின் நாவல் அவ்விடத்தில் அமர்ந்தவனைக் கண்டது. லெனின் பாரதியின் படம் அவ்விடம் விலைபோவதைக் கண்டது. மயிலம்மாவின் தன்வரலாறு அவ்விடத்தைக் கேள்வி கேட்டுத் திருப்பமுடியும் என்பதைக் கண்டது.

இடைநிலையாளரே இல்லாத மக்களாட்சி இயலாது. சங்கமும் கட்சியும் ஊராட்சியும் தேவையானவையே. அவற்றிடம் தன் சொல்லை ஒப்படைத்தவர் அதைத் திரும்பப் பெறமுடிகிறதா என்பதே மக்களாட்சியின் அளவுகோல். கருப்பனால் முடியவில்லை. ரங்கசாமி கத்தியை நாடினான். பிளாச்சிமடைப் பெண்களால் ஊராட்சி வரை முடிந்தது, அதற்குமேல் முடியவில்லை. மூணாற்றுப் பெண்கள் ஒன்பது நாள் முடித்துக் காட்டினர். அந்த ஒன்பது நாளின் சொற்களை, அவற்றைப் பேசியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்தம் மொழியிலேயே தொகுப்பது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.